நான்கு சட்டியும் ஒரு சாக்கும்

ஏறாவூர் உம்மு குல்தூமை வெறும் வாய்ச்சொல்லால் எதையும் நம்பவைக்க முடியாது. மழை பெய்கிறது என்றால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பாள். புதுச் சவர்க்காரம் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னால், இடுப்பில் கட்டும் ஒரே சாரத்தின் ஒரு பாதியை அதனாலும் மறு பாதியைப் பழையதாலும் தோய்த்துக் கொடியில் போடுவாள். கணவர் முத்தலிப் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, அவர் கோபக்காரரா என்று அறியத் தேநீரில் உப்பைப் போட்டு அனுப்பினாள் என்று ஒரு கதை உண்டு. அவர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாராம். உண்மையா என்று கேட்டால் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் பதினொரு வருடம் சோதிக்காமலே நம்பியது ஒன்றைத்தான்: தன்னாமுனை அழகரத்தினம் கொண்டுவரும் எருமைப் பால். காலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, உறை சேர்த்து மண்சட்டிகளில் ஊற்றுவாள். அவளுடைய தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தயிர் விழாது. சந்தைக்குப் போகும் சனங்கள் அதைப் பார்க்கவே வாசலில் நிற்பார்கள்.

அந்த ஜனவரியில் தயிர் இறுகவில்லை. சட்டியைச் சரித்தால் கஞ்சிபோல ஓடியது. ஒரு வாரமாக இதே கதை.

"தண்ணி கலக்கிறாரு புள்ள. இதுக்கு என்ன ஆராய்ச்சி?" என்றார் அவளுடைய மூத்த சகோதரர் மஜீட்.

"காக்கா, பதினொரு வருசமா அவர்ர பால்தான்."

"பதினொரு வருசமா நல்ல மனுசன். இப்ப மாறிட்டாரு. வெள்ளிக்குப் பொறகு வரவேணாம் எண்டு சொல்லிடு. நான் வேற எருமைப் பட்டியில பால் எடுத்துத் தாறன். வெச்சுப் பாரு."

மஜீட் அன்றே பாலோடு வந்தார். அழகரத்தினத்தின் பாலை அவள் ஏற்கெனவே முன்னறையில் வைத்துவிட்டாள். முத்தலிப் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் டிசம்பரில் டைல்ஸ் பதித்த அறை அது. கண்ணாடிபோல மின்னும் அந்த நிலத்தில் சட்டிகளை வரிசையாக வைப்பது அவளுக்குப் பெருமை. இடம் நிறைந்துவிட்டதால் மஜீட்டின் பாலைப் பழைய குசினியில், அடுப்போரம் சாக்கின்மேல் வைத்தாள்.

மறுநாள் காலை மஜீட்டின் சட்டியைக் கவிழ்த்தார்கள். தயிர் அசையவில்லை. அழகரத்தினத்தின் சட்டி வழக்கம்போல ஓடியது.

"போதுமா உன்ட சோதினை?" என்றார் மஜீட்.

உம்மு குல்தூம் சிந்திய தயிரைத் துடைத்தாள். மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அழகரத்தினம் பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தேநீர்க் கோப்பைக்குக் கையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல அண்ணன். குளிர்" என்றாள். வரவேண்டாம் என்ற சொல் வாயில் வரவில்லை. வெள்ளிக்கு இன்னும் ஒருநாள் இருந்தது.

அவர் போன பிறகு சட்டிகளை எடுக்கக் குனிந்தாள். குசினிச் சாக்கில் இன்னும் இளஞ்சூடு இருந்தது. முன்னறை டைல்ஸில் உள்ளங்கையை வைத்தாள். தவளை முதுகுபோலக் குளிர்ந்தது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிஸ்றா! நான் பாலையும் மாத்திட்டன், இடத்தையும் மாத்திட்டன். எது கெடுத்தது எண்டு எப்படித் தெரியும்?"

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒரு நேரத்தில ஒண்டத்தான் மாத்தோணும் உம்மா. மாத்திறது சாரா மாறி. அதால என்ன நடக்குது எண்டு பாக்கிறது சார்ந்த மாறி. மத்ததெல்லாம் மாறாம வெக்கோணும். அதுகள் கட்டுப்பாட்டு மாறி."

"ஒரு தயிருக்கு இத்தின பேரா?"

"இத எழுதாமத்தான் எனக்கு அஞ்சு மாக்ஸ் போச்சு."

மஜீட்டிடம் இன்னொரு தடவை பால் கேட்டு வாங்கினாள். ஒரே அளவில் நான்கு சட்டிகள். நிஸ்றா சோக்கட்டியால் இரண்டில் 'அ' என்றும் இரண்டில் 'ம' என்றும் எழுதினாள். ஒவ்வொரு பாலிலும் ஒரு சட்டி டைல்ஸில், ஒரு சட்டி சாக்கில். டைல்ஸில் உள்ள இரண்டுக்கும் பால் மட்டும்தான் வேறு. 'அ' இரண்டுக்கும் இடம் மட்டும்தான் வேறு. இரண்டு பாலையும் ஒரே சூட்டுக்கு ஆறவைத்து, ஒரே சட்டித் தயிரிலிருந்து உறை எடுத்தாள். சட்டிக்கு ஒரு கரண்டி.

டைல்ஸில் இருந்த 'அ' சட்டிக்கு வந்தபோது கை நின்றது. அரைக் கரண்டி கூடப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணன் தப்பிவிடுவார். கரண்டி சட்டிக்கு மேலே கொஞ்ச நேரம் தொங்கியது. கூடப் போட்டால் அவர் நல்லவர் என்று ஊர் நம்பும். அவளால் நம்ப முடியாது. அதற்கும் ஒரு கரண்டியே போட்டு, கரண்டியைக் கழுவி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மஜீட் தானே கவிழ்த்தார். சாக்கில் இருந்த இரண்டும் கல்லுப்போல நின்றன. டைல்ஸில் இருந்த இரண்டும் ஓடின. அவர் கொண்டுவந்த பால் அவருடைய காலிலேயே கொட்டியது.

"உங்கட பட்டியிலயும் தண்ணி கலக்கிறாங்களா மாமா?" என்றாள் நிஸ்றா.

மஜீட் காலைத் துடைத்தார். "டைல்ஸ் நல்ல டைல்ஸ்தான்" என்றார் கடைசியில். "தயிருக்குத்தான் கூடாது."

"குளிர் நிலமா, அடுப்புச் சூடா எண்டு இன்னும் தெரியாது காக்கா. குசினியில ரெண்டும் வேறதானே. இண்டைக்கு டைல்ஸுக்கு மேல சாக்க விரிச்சு ஒரு சட்டி, வெறும் டைல்ஸில ஒரு சட்டி."

"இன்னுமா?"

மோட்டார் சைக்கிள் வந்தது. உம்மு குல்தூம் எல்லாவற்றையும் அழகரத்தினத்திடம் சொன்னாள், சந்தேகத்தையும் சேர்த்து. அவர் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப என்ட எருமைய விடுதலை செஞ்சிட்டீங்க?"

"எருமைய விட்டாச்சு அண்ணன். டைல்ஸத்தான் இன்னும் விசாரிக்கிறம்."

அவர் சிரித்தார். ஆனால் மஜீட்டைப் பார்க்கவில்லை. மஜீட் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தன் கடையிலிருந்து ஒரு புதுச் சாக்கோடு திரும்பி வந்தார். அதை உதறி, டைல்ஸின்மேல் மடிப்பில்லாமல் விரித்தார்.

"பால ஊத்துங்க அண்ணன்" என்றார், நிலத்தைப் பார்த்தபடி.