மண்டபத்துக்கு நாள் எப்போது தொடங்குகிறது

நான் படித்தது பி.ஏ. வரலாறு. சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளி நெருக்கத்தில் பில் போடும் சாஃப்ட்வேர் அடிக்கடி நின்றுவிடும். வரிசையில் நிற்பவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள். சரிசெய்ய வந்தவரிடம், ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பில்லைப் போடு" என்றார். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் இறங்காது. அந்தக் கோபத்தில்தான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

முதலில் போனில் வீடியோ பார்த்து, பிறகு பழைய லேப்டாப் ஒன்றில். மதிய இடைவேளையில் ஸ்டாக் ரூமில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து புரோகிராம் எழுதுவேன். பாதி புரியாது. புரியாததை நான்கு தடவை பார்ப்பேன். அப்போதும் புரியாவிட்டால் அப்படியே டைப் அடித்து, ஒவ்வொரு வரியாக நீக்கி, எதை எடுத்தால் உடைகிறது என்று பார்ப்பேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "கம்ப்யூட்டர் சயின்ஸா, ஐ.டி.யா?" வரலாறு என்றதும் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சில இடங்களில் டீயும் கிடையாது.

கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில், மருந்துக்கடை மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் கம்பெனி ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. முதலாளி நேராகவே சொன்னார்: "மூணு மாசம் பாப்போம்மா. சரிவரலைன்னா நீயும் வருத்தப்படக்கூடாது, நானும் வருத்தப்படமாட்டேன்." நான் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். அம்மா அந்தக் கடையில் என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்றா என்று மட்டும் இரண்டு தடவை விசாரித்திருந்தாள்.

தனியாக எனக்குக் கொடுத்த முதல் வேலை, திருவந்திபுரம் போகிற வழியில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் சாஃப்ட்வேர். முகூர்த்த நாளில் அந்தப் பக்கம் சைக்கிள்கூட நுழையாது, அத்தனை கல்யாணம். மண்டபத்து மேனேஜர் ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். ஒரு தடவை நேரில் போய்ப் பேசிவிட்டு வா என்றார் முதலாளி. நான் போகவில்லை. போனால் கேள்வி கேட்க வேண்டும். கேட்டால், இதுகூடத் தெரியாதா, கம்ப்யூட்டர் படிக்காத பெண்தானே என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். வீடியோவில் ஓட்டல் ரூம் புக்கிங்குக்கு ஒரு பாடம் இருந்தது. அதை வைத்தே முடித்தேன். தேதி காலியாக இருந்தால் கொடு, இல்லாவிட்டால் மறு. முகூர்த்த நாளுக்குப் பச்சை நிறம் வேறு. இனிமேல் நோட்டு வேண்டாம் என்று மேனேஜருக்குப் போனில் பெருமையாகச் சொன்னேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளி போனில் கூப்பிட்டார். மண்டபத்தில் மாலை ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பந்தலில் பெயர் கட்டி, சமையலும் ஆரம்பித்தாகிவிட்டது. மறுநாள் திங்கள் அதிகாலை முகூர்த்தத்துக்கு இன்னொரு குடும்பம் புக் செய்திருந்தது. அவர்களின் சமையல்காரர் பாத்திரங்களோடு வந்து நிற்கிறார். பெண்ணழைப்பு வேன் ஆறு மணிக்கு வந்துவிடும். மண்டபத்து முதலாளியின் மகன் கம்ப்யூட்டரைப் பார்த்து, ஞாயிறு காலி என்று கொடுத்திருக்கிறார்.

எங்கள் ஊரில் மண்டபத்துக்கு நாள் என்பது முதல் நாள் மூன்று மணிக்குத் தொடங்கி, மறுநாள் மூன்று மணிக்கு முடிவது. இதை யாரும் நோட்டில் எழுதுவதில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையே போய் வரவேற்பில் பன்னீர் தெளித்தவள் நான். புரோகிராம் எழுத உட்கார்ந்தபோது அந்த அக்கா கல்யாணம் என் நினைவுக்கே வரவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நீ வர வேணாம்மா. நாளைக்கு சீனியர் பாத்து சரி பண்ணிடுவாரு" என்றார் முதலாளி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அத்தோடு என் மூன்று மாதம் முடிந்தது என்று எனக்குப் புரிந்தது.

"தப்பு என்னுது சார். நானே போறேன். நானே சரி பண்றேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ் ஏறினேன்.

நான் போனபோது மேனேஜர் சமையல்கட்டு வாசலில் இரண்டு சமையல்காரர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். "இந்த கம்ப்யூட்டரைப் போட்டது யாரு?" என்று பொதுவாகக் கேட்டார். நான்தான் என்றேன். பத்து நிமிடம் திட்டினார். எல்லாம் நியாயமான திட்டு. பிறகு இருவருமாக மஞ்சள் நீராட்டு வீட்டாரிடம் கெஞ்சி, பந்தியை ஐந்து மணிக்கே போட வைத்தோம். வேனில் வந்த பெண் வீட்டாரை மாடியில் உட்கார வைத்து காபி கொடுத்தோம். நான் மாடிப்படியிலேயே நின்று, ஏறிய ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மணப்பெண்ணின் அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஏழரை மணிக்கு எல்லாம் அடங்கியதும் மேனேஜரிடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். பக்கம் பக்கமாகக் கேட்டேன். வளைகாப்புக்கு எத்தனை மணி நேரம்? நிச்சயதார்த்தம் என்றால்? கூட்டிக் கழுவ எவ்வளவு நேரம் விட வேண்டும்? கோயிலில் தாலி கட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வருபவர்கள்? சில கேள்விகள் படுமுட்டாள்தனமானவை. அவர் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

தேதியை எடுத்துவிட்டு, தொடங்கும் மணி முடியும் மணி என்று முழுவதையும் மாற்றி எழுத நான்கு நாள் ஆனது. சீனியர் உதவட்டுமா என்றார். எழுதி முடித்ததும் தப்புக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்றேன், இரண்டு கண்டுபிடித்தார். வரப்போகும் மாதங்களில் இன்னும் மூன்று மோதல்கள் இருந்தன. அந்தக் குடும்பங்களுக்கு நானே போன் செய்து பேசித் தீர்த்தேன்.

மூன்று மாதம் முடிந்த அன்று முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை நேராக அவர் அறைக்குள் போய், நான் இருக்கட்டுமா, கிளம்பட்டுமா என்று கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நீ கிளம்பிட்டா அந்த மேனேஜருக்கு யாரு பதில் சொல்றது? வேற யாரு போன் எடுத்தாலும், 'அந்தப் பொண்ணைக் கூப்புடுங்க, அதுதான் கேட்டு எழுதும்'ங்கறாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி சார் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து முதலில் அம்மாவுக்குப் போன் செய்தேன். இனிமேல் ஜவுளிக்கடையில் விசாரிக்காதே என்றேன்.