ஊறவிட்ட கிணறு

எங்கள் கிணற்றுக்கு ஓர் எண் இருந்தது. உள்சுவரில் ஒரு முழம் கீழே, வெள்ளைப் பெயிண்டில் எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். அந்த அம்பின் நுனியிலிருந்துதான் அளக்க வேண்டும். பூமிக்கடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஆராய அரசாங்கம் ஆட்களை அமர்த்தியிருந்தது. அவர்கள் ஊருக்குச் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் ஊரில் எங்களுடையது அவற்றில் ஒன்று. நைனாவுக்கு அதில் பெருமை உண்டு. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.

அறுபதுகளின் பிற்பகுதி. மீஞ்சூரைத் தாண்டி, ரயில் பாதைக்குக் கிழக்கே எங்கள் ஊர். மூன்று ஏக்கர் நெல் நிலம், மின்சார மோட்டார் போட்ட அந்தக் கிணறு, அவ்வளவுதான் எங்கள் சொத்து. நான் சென்னையில் ஒரு நாளிதழில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எனக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. அளவெடுப்பவர் ஊருக்கு வருவதும் மாதத்தின் முதல் வியாழன். அதனால் அவரைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சைக்கிளில் வருவார். காக்கிப் பையில் ஓர் இரும்பு டேப்பும் சாக்பீஸ் துண்டுகளும் இருக்கும். டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார். தண்ணீர் தொட்ட இடத்தில் வெள்ளை கறுத்துவிடும். அதைப் பார்த்து ஆழத்தைக் கணக்கிட்டு ஒரு படிவத்தில் எழுதுவார். கிணற்று எண், தேதி, ஆழம், கையெழுத்து. படிவத்தில் நான்கே கட்டங்கள்.

முந்தின நாள் மாலை ரயிலில் இறங்கி வரப்பில் நடந்து வந்தால் ஊர் சத்தமில்லாமல் இருக்கும். ஒரு மோட்டாரும் ஓடாது. முதல் தடவை எனக்குப் புரியவில்லை.

"இன்னா நைனா, கரண்ட் இல்லியா?"

"கரண்டு கீது. நாளைக்கு அவரு வராரு இல்ல? கெணறு ஊறட்டும்."

வீட்டுக்கு முக்கியமானவர்கள் வரும்போது கிணற்றை இறைக்காமல் ஊறவிடுவது எங்கள் ஊர் வழக்கம். வந்தவர்கள் எட்டிப் பார்க்கும்போது பாறையும் சேறும் தெரிந்தால் அந்த வீட்டுக்கு அவமானம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு அம்மா அதைப் பற்றிச் சொன்னாள்.

"எங்கப்பா இந்தக் கெணத்த எட்டிப் பாத்துட்டுத்தான் என்னக் குடுக்க சரின்னாரு. மூணு நாளு எறைக்காம வெச்சிருந்தாங்கன்னு கல்யாணத்துக்கு அப்பறம்தான் தெரிஞ்சிது. ஏமாத்துக்காரக் குடும்பம்."

"ஏமாந்த குடும்பம் எதுன்னு கேளுடா அவள," என்றார் நைனா.

மறுநாள் அளவெடுப்பவர் வந்தார். கிணறு நிறைந்திருந்தது. எழுதிக்கொண்டார். அம்மா பித்தளை டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். சைக்கிள் மிதித்த தாகத்தில் வாய் வைத்தே குடிப்பார்.

"இந்தத் தண்ணிக்கோசரமே சைக்கிள மிதிச்சிக்கினு வரலாம்மா."

மாதத்துக்கு மாதம் இதே வாக்கியம். நைனா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்.

இப்படி இரண்டு வருடம் போனது. ஒருநாள் மாலை ஆசிரியர் குழு மேசைக்கு அரசின் செய்திக்குறிப்பு ஒன்று வந்தது. அதைத் தமிழில் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. எங்கள் வட்டாரத்தில் நிலத்தடி நீர் ஏராளமாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. நகரத்தின் குடிநீருக்கும், வடக்கே வரவிருக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்படும். இதுவே அரசின் கொள்கை. 'ஆய்வுகளில்' என்ற சொல்லை எழுதும்போது சத்தமில்லாத புதன்கிழமை மாலைகள் நினைவுக்கு வந்தன. ஊரே சேர்ந்து ஊறவிட்ட கிணறுகளைத்தான் அவர்கள் அளந்திருக்கிறார்கள். அந்த நினைப்பு ஒரு நிமிடம் இருந்தது. பக்கம் முடிக்கும் நேரம். செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஊரில் டீக்கடையில் யாரோ அதை உரக்கப் படித்திருக்கிறார்கள். நைனா சொன்னாராம்: "எழுதனது எம்புள்ள. அளந்தது எங்கெணறு."

குழாய்க் கிணறுகள் வந்தன. எங்கள் நிலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் இன்ஜின் கொட்டகை. அதன் பம்பு ஓயாமல் ஓடும். ஆள் நுழையும் அளவு பெரிய குழாய்களை லாரிகளில் கொண்டுவந்து பாதையோரம் போட்டார்கள். முதல் கோடையில் எங்கள் கிணறு இறங்கியது. நைனா ஆள் வைத்து ஆழப்படுத்தினார். அடுத்த கோடையில் மறுபடியும் இறங்கியது. அதற்கடுத்து, துவரம் பருப்பு வேகவில்லை.

அம்மா கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று இரண்டு கடை மாற்றிப் பார்த்தாள். மூன்றாவது கடையின் பருப்பும் கல்லாகவே கிடந்தது. நாற்றங்காலில் நாற்றின் நுனி கருகியது. நைனா ஒருநாள் வாய்க்காலில் குனிந்து உள்ளங்கையில் தண்ணீரை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். போய் மோட்டாரை நிறுத்தினார். கிழக்கே கடல் இருக்கிறது. நல்ல தண்ணீர் போன இடத்துக்கு அது வந்திருந்தது.

மனு எழுதிக்கொண்டு திருவள்ளூரில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பொறியாளர் என்னைவிட இளையவர். நல்லவராகவே தெரிந்தார். எங்களை உட்காரச் சொன்னார். நைனா கிணற்று எண்ணைப் பார்க்காமலே சொன்னார். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க, குழாய்க் கிணறு போடறதுக்கு முன்னால மாசாமாசம் நல்ல மட்டம் காட்டுது. நீங்க பாசனத்துக்கு எடுத்த பிறகும் இவ்வளவு மிச்சம் இருக்குன்னா, நாங்களும் எடுக்கலாம்னுதானே அர்த்தம்?"

"அது ஊறவிட்டது சார்," என்றார் நைனா.

"புரியலை."

"அளக்க வரதுக்கு மொத நாளே மோட்டார நிறுத்திடுவோம். எங்க ஊர்ல எல்லாரும்."

"எதுக்கு?"

நைனாவுக்கு அந்தக் கேள்விதான் புரியவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"நீங்க வரீங்களே சார்."

பொறியாளர் பேனாவை மூடினார். படிவம் ஒன்றை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். மோட்டார் ஓடியதா, எப்போது நின்றது என்று எழுத அதில் இடமே இல்லை. எதைக் கேட்க வேண்டும் என்று மேலே எங்கோ முடிவு செய்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

"யாருமே சொல்லலையே," என்றார். பிறகு மனுவில் என் வேலையைப் பார்த்துவிட்டு, "நீங்க பத்திரிகையில இருக்கீங்க. உங்களுக்காவது தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தியது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அதன் அர்த்தமும் எனக்குத் தெரிந்திருந்தது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. நைனா மோட்டாரைக் கழற்றி விற்றார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்தார்.

அவர் வேலைக்குப் புறப்படுவதற்கு முந்தைய மாதம், முதல் வியாழன். நான் வீட்டில் இருந்தேன். காலையில் எழுந்தபோது நைனா இல்லை. தண்ணீர் உப்பானதிலிருந்து அளவெடுப்பவர் வரும் நாளில் செய்வதுபோல, சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக் குழாய்க்குப் போயிருந்தார். அங்கே வந்தது வேறு எங்கிருந்தோ வரும் நல்ல தண்ணீர்.

அளவெடுப்பவர் வந்தார். தலை நரைத்திருந்தது. டேப்பை இறக்கினார், எழுதினார். நைனா தானே டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பாதி குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சுத்துப்பட்டு ஊரெல்லாம் உப்பு பூத்துக் கெடக்குது. உங்க தண்ணி மட்டும் அப்பிடியே கீதுப்பா."

நைனா சிரித்தார்.

"அது கெணத்துத் தண்ணி இல்ல," என்றேன் நான். "ஸ்டேஷன்லேர்ந்து கொண்டாந்தது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கிணற்றுக்குப் போய் ஒரு வாளி இறைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். படிவத்தைப் பிரித்து, எழுத இடம் தேடி, கடைசியில் ஓரத்தில் 'உப்பு' என்று சின்னதாக எழுதினார். படிவத்தில் உப்புக்கென்று ஒரு கட்டம் பிறகு வந்தது. அப்போது எங்கள் நிலத்தைச் சுற்றி யாருடையதோ காம்பவுண்டு சுவர்.

அவர் சைக்கிள் வளைவில் மறைகிற வரை நைனா அங்கேயே நின்றார். பிறகு என்னிடம், "தண்ணி குடிக்கிற மனுசன் கிட்ட சொல்ற பேச்சாடா அது?" என்றார். அந்த அலுவலகத்துக்குப் போய் வந்த பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

குனிந்து டம்ளரை எடுத்தார். பாதித் தண்ணீர் மீதமிருந்தது. எச்சில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நைனா அதை உள்ளே எடுத்துப் போனார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். குடத்து மூடியைத் திறந்து, சிந்தாமல், அதிலேயே ஊற்றினார்.