வீரை மரம் நின்ற இடம்

எங்கள் ஊருக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவில் தைலமரம் போட்ட இடம் முன்பு காடு. பெரிய காடென்று நினைக்க வேண்டாம். காரையும் சூரையுமாக முள் புதர், நடுநடுவே வீரை மரம், உசிலை மரம். ஊரே அதைத் தின்றுதான் பிழைத்தது. ஆடு மேய்த்தோம், விறகு ஒடித்தோம், வயலுக்குத் தழை அறுத்தோம், வேலிக்கு முள் வெட்டினோம். யாரும் அதைக் கும்பிட்டுக் காப்பாற்றவில்லை. வெட்ட வெட்ட அது பாட்டுக்கு முளைத்தது, அவ்வளவுதான்.

பெயர் வைக்கும் முன்னே செத்த பிள்ளைகளையும் அங்கேதான் புதைத்தார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஏதாவது ஒரு மரத்தடியில் குழி வெட்டி, நரி தோண்டாமல் இருக்க மேலே சூரை முள்ளைப் போட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். கல் நடக் கூடாது. நட்டால் அடுத்த பிள்ளையும் தங்காது என்பார்கள். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் அப்படி ஒரு வீரை மரத்தடியில் கிடந்தான். விறகுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அம்மா அந்த மரத்தடியில் தலைச்சுமையை இறக்கி வைப்பாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி தூக்கிக்கொள்வாள்.

கோயிலுக்கு மண்டபம் கட்டப் பணம் வேண்டும், காட்டை அழித்துத் தைலமரம் போடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். வெட்டலாமா என்று சாமியிடம் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தது. அதுவே உத்தரவு. அம்மா மட்டும் பூசாரியிடம் போய்க் கேட்டாள்.

"மரத்தத்தான் கேட்டீங்க. அடியில கெடக்குறதக் கேட்டீங்களா?"

பூசாரி குனிந்து விபூதித் தட்டைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற என் மாமாதான் சிரித்துக்கொண்டே, "அக்கா, இன்னொரு தடவ பூக்கட்டுனா சாமியே எந்திரிச்சு ஓடிடும்" என்றார். மாமாவின் பிள்ளை ஒன்றும் அங்கேதான் கிடந்தது.

தைலமரத் தோப்பில் அடையாளம் கிடையாது. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே வரிசை, ஒரே பருமன். அம்மா ஒரு வரிசைக்குள் போய் நிற்பாள், திரும்புவாள், வேறு வரிசைக்குப் போவாள். கீழே புல்கூட இல்லை. குருவிச் சத்தம் இல்லை. பட்டை உரிந்து விழும் சத்தத்துக்கு, யாரோ கூப்பிட்டதுபோல் அவள் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் அங்கே தனியாகப் போனதில்லை.

போன வருஷம் தைலத்தையும் வெட்டிவிட்டார்கள். முந்திரி வைக்க வேண்டுமாம். வேரைப் பிடுங்க ஜேசிபி வந்தது. அம்மா அதன் முன்னால் போய் நின்றாள். ஓட்டுநர் வெளியூர்க்காரர். விஷயத்தைக் கேட்டதும் இறங்கி வந்தார்.

"எந்த எடம்னு காட்டுங்கம்மா, அத மட்டும் விட்டுடுறேன்."

அம்மா சுற்றிப் பார்த்தாள். கை எந்தப் பக்கமும் நீளவில்லை.

"தெரியலப்பா. பாத்துத் தோண்டு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறினார். பகல் முழுக்க அம்மா அந்த இரும்புக் கையின் பின்னாலேயே நடந்தாள், புரண்ட மண்ணைப் பார்த்துக்கொண்டு. வேர்தான் வந்தது.

சாயங்காலம் வண்டி போனதும் அரிவாளோடு வேலியோரம் போனாள். சூரை ஒன்றுகூட இல்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி இழுத்து வந்து, வெறும் மண்ணில் ஓரிடத்தில் போட்டு, கழியால் அழுத்தினாள்.

"நரி எங்கம்மா இருக்கு இப்ப?" என்று கேட்டேன்.

அவள் அடுத்த முள்ளை வெட்டப் போய்விட்டாள்.