பூட்டின கேட்டுக்குப் போன செக்

ஆனைக்குட்டத்திலிருந்து நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் மொக்கைச்சாமியுடையது. "வண்டி என்னுது, டிரைவரும் நாந்தான், ஆர்.சி. புக்கு மட்டும் பைனான்ஸ்காரர்ட்ட" என்பார்.

மாதாமாதம் வாடகையில் கம்பெனி கொஞ்சம் வரி பிடித்துக்கொள்ளும். அவர் வருமானத்துக்கு வரியே கிடையாது, ரிட்டர்ன் போட்டால் பிடித்தது திரும்பி வரும் என்று சிவகாசி ஆடிட்டர் ஆபீஸில் சொன்னார்கள். போன வருஷம் ஆடியில் போட்டார்.

அந்தப் பணத்தை நம்பித்தான் வேன் இருந்தது. தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் நாட்களில் டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்.சி.க்குக் காட்டிவிட வேண்டும். எஃப்.சி. காலாவதியான வண்டியைக் கம்பெனி சேர்க்காது. பைனான்ஸ்காரரோ இனி ஒரு ரூபாய் தரமாட்டேன் என்றுவிட்டார். கம்பெனி திறக்கிற அன்றைக்கு இவர் வண்டி வராவிட்டால் ஆளேற்ற சுந்தரபாண்டியின் வேன் தயாராக இருந்தது. வண்டி மாறி ஏறிய பெண்கள் லேசில் திரும்புவதில்லை.

ஆடிட்டர் ஆபீஸ் செழியனைப் பார்க்கப் போகாத வாரமில்லை.

"தம்பி, எப்ப வரும்?"

"வரும் அண்ணாச்சி. ரிஜிஸ்டர் தபால்ல செக்கா வரும்."

"வரும்ங்கிறது தெரியும்லே. எப்பன்னு கேக்கேன்."

"அது அவுக கையில இருக்கு."

"பிடிக்கையில மட்டும் மாசம் தவறாமப் பிடிக்காக. குடுக்கையில நாள் நட்சத்திரம் பாக்காகளோ?"

செழியன் சிரித்துக்கொண்டே டீ சொல்வான். வரி கட்டிய வகையில் அதுவரை அவருக்குத் திரும்பி வந்தது அந்த டீக்கள்தான்.

தீபாவளி போயிற்று. கம்பெனி அடைத்தது. வீட்டில் கட்டிலில் கிடந்தபடி சைக்கிள் மணிக்குக் காதைக் கொடுத்தார். தபால்காரர் முனியசாமி ஒருநாள் எரிந்து விழுந்தார்: "இருந்தா குடுக்காம, வச்சு அவிச்சா திங்கப்போறேன்?"

பொறுக்க முடியாமல் விருதுநகருக்கு பஸ் ஏறி வரி ஆபீஸுக்கே போனார். குமாஸ்தா ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். "தீபாவளி கழிச்சு அனுப்பினோம். கதவு பூட்டுன்னு திரும்பி வந்துருச்சு."

"கதவு பூட்டா? நான் வீட்டுலதான சார் கெடந்தேன்!"

"நீங்க குடுத்திருக்கிறது நாரணாபுரம் கம்பெனி விலாசம்ல."

மொக்கைச்சாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் விவரமாகத்தான் அப்படிக் கொடுத்திருந்தார். அவரும், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் மனைவி வீரலட்சுமியும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இன்சூரன்ஸ் தபால் ஒன்று அப்படித்தான் வீடு பூட்டு என்று திரும்பிப் போயிருந்தது. கம்பெனி விலாசம் என்றால் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கிவைப்பார். அங்கே பாதிப்பேர் தபால் அப்படித்தான் வரும். தீபாவளிக்குப் பிறகு மட்டும் அந்த கேட்டில் பூட்டுத் தொங்கும், வாட்ச்மேனும் ஊருக்குப் போய்விடுவார். கடைசி நாள் ஆட்களை ஏற்றிவந்து இறக்கிவிட்டதே இவர்தான்.

"இதைக் கையில குடுத்துருங்க சார்."

"திரும்பி வந்ததைக் குடுக்க முடியாது. சரியான விலாசம் எழுதிக் குடுங்க, புதுசா அனுப்புவோம்."

"எப்ப வரும்?"

"தேதி சொல்ல முடியாதுங்க."

வெள்ளைத்தாளோடு வீடு வந்தவர் வீரலட்சுமியிடம் கத்தினார். "எந்த விலாசத்தை எழுத? கம்பெனியை எழுதி, தொறக்குமுன்ன வந்துட்டா மறுபடியும் பூட்டுதான். அடுத்த வாரம் கம்பெனி தொறந்துருவான். வீட்டைக் குடுத்தா இங்கன பூட்டுல்ல தொங்கும்!"

அவள் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "வீட்டையே எழுதுங்க. எஃப்.சி. இல்லாம வண்டி எங்க ஓடப்போவுது? இனி நீங்க இங்கனதான இருக்கப்போறீக."

அவர் பேனாவைத் தேடினார்.

கம்பெனி திறந்த அன்று தெருமுனையில் சுந்தரபாண்டியின் வேன் ஹாரன் அடித்தது. இவர் வண்டியில் வந்துகொண்டிருந்த அய்யம்மாள் ஜன்னல் வழியே கூப்பிட்டாள்: "அண்ணே, செக்கு வந்ததும் சொல்லுங்க, நம்ம வண்டிக்கே வந்துருதோம்."

மொக்கைச்சாமி தலையை ஆட்டினார். அவள் அதற்குள் இடம் பிடித்து உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளிடம், "இந்த வண்டியில சீட்டு மெத்துன்னு இருக்குடி" என்றது அவர் காதில் விழுந்தது.

வீரலட்சுமி வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தாள். "தபால்காரர் வார நேரத்துல டீக்கடைப் பக்கம் போயிராதீக" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியோடு ஓடிப்போய்க் கடைசி ஆளாக ஏறிக்கொண்டாள்.