தண்ணீர் நிற்கும் ரஷ்யச் சாலை

பிள்ளைச்சாவடி துர்கா முதலில் வீடு துடைக்கத்தான் ரஷ்ய ஓவியர் நீனாவிடம் சேர்ந்தாள். ஒன்பது வருஷத்தில் அச்சுப் போடுகிறவளாகிவிட்டாள். நீனா தன் ரஷ்யக் கிராமத்தை மரப்பலகையில் செதுக்குவாள். துர்கா மை உருட்டி, தாள் வைத்து, பிரஸ்ஸைச் சுற்றுவாள். கண்ணால் பார்க்காத அந்த ஊரின் வேலிகூட அவளுக்கு அத்துப்படி.

நீனா கண் ஆபரேஷனுக்காக ரஷ்யாவுக்குப் போயிருந்தபோது, புதுச்சேரியில் கண்காட்சிக்குத் தேதி வந்துவிட்டது. நான்கு பருவம், நான்கு பலகை.

"வசந்தத்துக்கு நீலம், கோடைக்குப் பச்சை, இலை உதிரும்போது காவி, குளிருக்குக் கறுப்பு. நீ போடு, துர்கா" என்று போனில் சொன்னாள். எந்தப் பலகை எந்தப் பருவம் என்று சொல்லவில்லை. மறுநாள் கேட்கலாமென்றால் ஆபரேஷன். யாரும் போனை எடுக்கவில்லை.

வைக்கோல் போர் கோடை, சறுக்குவண்டி குளிர். மற்ற இரண்டில்தான் சிக்கல். ஒன்றில் பெண்கள் குனிந்து உருளைக்கிழங்கு வயலில் வேலை செய்கிறார்கள். நடுகிறார்களா, தோண்டுகிறார்களா? இன்னொன்றில் சாலையெல்லாம் தண்ணீர், மரத்தில் ஓர் இலை இல்லை. துர்காவின் ஊரில் இலை கொட்டுவது பங்குனியில், வசந்தத்தில். தண்ணீர் நிற்பது ஐப்பசியில், ரஷ்யாவில் இலை உதிரும் மாதத்தில். துர்காவுக்குத் தலை சுற்றியது. கடைசியில் தண்ணீரை நம்பி, சாலைக்குக் காவி தடவினாள். வயலுக்கு நீலம். இருபது இருபது பிரதி.

மூன்றாம் நாள், துர்கா போனில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு நீனா கூப்பிட்டாள்.

"துர்கா, மாத்திட்ட. சாலைதான் வசந்தம்."

"மழத் தண்ணி நிக்குதே நீனாம்மா?"

"மழை இல்ல. பனி உருகின தண்ணி."

"பனியிலயா? இம்மாந் தண்ணியா?" மார்கழியில் தலையை நனைக்கும் பனிதான் அவளுக்குத் தெரியும்.

இரண்டையும் நிறம் மாற்றி மறுபடி அச்சடித்தாள். காவிச் சாலையைக் கிழிக்கப் போன நேரம் மறுபடி போன்.

"கிழிக்காத! காவிச் சாலைய என் அக்கா பாத்தாங்க. இது நம்ம அக்டோபர்தான், பள்ளிக்கூடத்துக்குப் போன வழின்னு சொல்றாங்க."

"அப்ப எது சரி?"

"ரெண்டு சாலையையும் மாட்டு."

மாட்டினாள். பார்க்க வந்தவர்கள் விளக்கம் கேட்டபோது, "அவங்க வந்து சொல்லுவாங்க" என்று சமாளித்தாள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பிய நீனா, பெட்டியைக்கூடத் திறக்காமல் இரண்டு சாலைகளையும் தரையில் பரப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"செதுக்கும்போது எந்தப் பருவத்த நினைச்சேன்னு எனக்கே இப்ப தெரியல."

பாராட்டா, திட்டா என்று புரியாமல் துர்கா டீ போடப் போனாள்.