தங்கைக்கு வளைந்து தெரிந்த வாசல் நிலை

எங்கள் வீட்டில் நோயாளி நான்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூட நாட்களிலேயே என் கழுத்தின் இரு பக்கமும் மஞ்சள் புள்ளிகள் எழும்பி, தோல் தொய்ந்துபோயிருந்தது. இறகு பிடுங்கிய கோழி என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். அம்மா அதைத் தேமல் என்றார். எண்ணெய், பத்தியம், கீரிமலைத் தீர்த்தத்தில் முழுக்கு, அம்மன் கோயில் நேர்த்தி எல்லாம் என் கழுத்துக்குத்தான். தங்கையின் கழுத்து பார்வைக்கு வழுவழுவென்று இருந்தது. சங்கிலிக்கு அடியில் அவளுக்கும் நாலைந்து புள்ளிகள் இருந்தன. அவளே அவற்றைப் பொருட்படுத்தவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில், சண்டையில் இடிந்துபோன பழைய வீட்டின் இடத்தில் புது வீடு கட்டினோம். நாள் பார்த்து வாசல் நிலை வைத்தோம். மஞ்சளும் குங்குமமும் பூசி, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பொங்கல் கொடுத்தோம். எங்கள் ஊரில் நிலை வைப்பது பாதிக் கல்யாணம். அதற்குப் பிறகு அந்த நிலையைப் பற்றி ஒருவரும் குறை சொல்லக்கூடாது.

தங்கை சொன்னாள். வீட்டில் இருந்தே சட்டை தைத்துக்கொடுப்பவள் அவள். கோணல் என்றால் கண்ணில் படாமல் போகாது என்று பெயர் எடுத்தவள். நிலையின் ஒரு கால் நடுவில் வளைந்து நிற்கிறது என்றாள். அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"வீடு குடிபூர முதல் உப்பிடி அபசகுனமாக் கதைக்காதை பிள்ளை."

ஆனாலும் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. வீடு கட்டிய மேசனாரைக் கூப்பிட்டார். அவர் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் மரத்துக்கும் இடையே விரல் வைத்துப் பார்த்தார். மேலும் சரி, கீழும் சரி, நடுவும் சரி. மரம் நேர்தான், தங்கச்சிக்குத்தான் நித்திரை காணாது என்று பகிடி விட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தங்கையும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மரத்தைச் சோதித்தோம். பார்த்த கண்ணைச் சோதிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பகல், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கண்ணாலை பாத்தா உங்கடை முகத்தைக் காணேல்லை. காது மட்டும் தெரியுது."

அடுத்த நாளே யாழ்ப்பாணத்தில் ஒரு கண் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அவளுடைய கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, என் கழுத்தைப் பார்த்தார். இது எப்போதிருந்து இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

அவர்தான் விளக்கினார். உடம்பில் கல்சியம் கண்ட இடத்தில் படியாமல் தடுக்க ஒரு மரபணு இருக்கிறதாம். எங்கள் இருவருக்கும் அதில் பிழை. அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள். காணி வெளியே போகக்கூடாதென்று செய்த கலியாணம். இருவரிடமும் அந்தப் பிழையின் ஒவ்வொரு பிரதி ஒளிந்திருந்திருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, எங்களிடம் இரண்டும் சேர்ந்துவிட்டன. தோலில் கல்சியம் படிந்தால் கழுத்து தொய்யும். கண்ணின் பின்பக்கத்து மெல்லிய படலத்தில் படிந்தால் அது வெடிக்கும். வெடிப்பின் வழியே புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். நேரான கோடு வளைந்து தெரிவது அதன் முதல் அறிகுறி.

வெளிநாட்டுக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனையில் எங்கள் இருவருக்கும் ஒரே பிழைதான் என்று வந்தது. அப்படியென்றால் எனக்கு ஏன் கழுத்தோடு நின்றது, அவளுக்கு ஏன் கண்ணைத் தின்றது என்று கேட்டேன். இரத்தக் குழாய் முளைப்பதோடு தொடர்புள்ள வேறொரு மரபணுவில் தங்கைக்கு ஒரு சிறு மாற்றம் இருக்கிறது, எனக்கு இல்லை என்றார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், முழுக்கதை இன்னும் ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு, கழுத்தைப் பார்த்துக் கண்ணின் கதியைச் சொல்லவே முடியாது என்றும் சொன்னார். நாங்கள் காலம் முழுக்கச் செய்தது அதைத்தான்.

கண்ணில் போடும் ஊசியால் கசிவை நிறுத்தலாம். வளைவு தெரிந்த உடனேயே வந்திருந்தால் அந்தக் கண்ணையும் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். இப்போது கசியத் தொடங்கியிருக்கும் மற்றக் கண்ணுக்காக ஊசி போடுகிறோம். தையல் மெசின் மூலையில் சேலை மூடிக் கிடக்கிறது. தேமல், தேமல் என்று என் கழுத்தையே தடவிக்கொண்டிருந்த அம்மா அந்தப் பக்கம் போவதே இல்லை.

தினமும் ஒரு கண்ணைப் பொத்தி நேரான கோடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் டொக்டர் கட்டளை. எனக்கு ஞாபகம் இருப்பதில்லை. தங்கைதான் விடிந்ததும் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவாள். நான் முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றக் கண்ணையும் பொத்தி, அதே நிலையைப் பார்ப்பேன். அவள் என் முகத்துக்கு நேரே நின்று, கொஞ்சம் பக்கவாட்டாகத் தலையைச் சரித்து, தெரிகிற கண்ணால் என்னைத் தேடுவாள்.

"நேரா நிக்குதோ அக்கா?"

"ஓம்."

அவள் முகத்தில் ஒரு சந்தோசம் வரும். அன்று அவள் வளைவு என்று சொன்னபோது, நாங்கள் இதே கேள்வியை மேசனாரிடம்தான் கேட்டோம்.