ஒழுக்கத்துக்கு அஸ்திவாரம் போட்ட எங்கள் குழு

சுனாமி வந்துபோன பிறகு இரண்டாவது தவக்காலத்தில், நாட்டின் ஒழுக்கத்தைச் சீர்செய்ய எங்கள் பங்குக் கோவிலில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. பங்குச் சாமியார், பங்குப் பேரவைச் செயலாளரான ஒரு கட்டட கான்ட்ராக்டர், நான். என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் பக்தி அல்ல, கையெழுத்து. இருபத்தாறு வருடமாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன். அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் ஒரு மனு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவன். பள்ளிகளில் கடவுள் நம்பிக்கையின் அடிப்படையில் நன்னெறி கற்பிக்க வேண்டும் என்று அரசுக்கு ஒரு மனு எழுதுவதுதான் குழுவின் வேலை.

வியாழக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்து ஆறே முக்காலுக்குக் கூடினோம். மொத்தம் ஏழு கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் குறிப்பு இருக்கிறது. முதல் கூட்டம் முழுவதும் தலைப்புக்கே செலவானது.

"அஸ்திவாரம்னு வையுங்க சாமி," என்றார் கான்ட்ராக்டர். "அஸ்திவாரம் இல்லாம வீடு நிக்குமா? இன்னிக்கு ஆபீஸ்ல, அரசியல்ல எங்கயாவது ஒழுக்கம் இருக்குதா? ஏன் இல்ல? அடியில ஆண்டவர் இல்ல."

சாமியார் மகிழ்ந்துபோனார். 'பொதுவாழ்வில் ஒழுக்கத்தின் அஸ்திவாரம்' என்று எழுதிக்கொண்டேன். கான்ட்ராக்டர் கட்டிய சுற்றுச்சுவர்கள் இரண்டாவது மழைக்கே சாய்ந்து நிற்பதை ஊருக்குள் நான்கு இடங்களில் பார்க்கலாம். அஸ்திவாரம் என்பது மண்ணுக்குள் இருப்பது, யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை என்பதால் அதில் அவருக்கு எப்போதுமே தாராளமான நம்பிக்கை உண்டு.

மனுவின் முதல் வரியை அவரே சொன்னார்: 'கடவுள் நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒழுக்கம் நிற்காது.' 'நிற்காது' என்பதைவிட 'நிலைக்காது' பொருத்தம் என்றேன் நான். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நாட்டின் ஒழுக்கத்துக்கு என் பங்களிப்பு அந்த ஒரு திருத்தம்தான். அந்த வரி உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது டீ ஆறிக்கொண்டிருந்தது.

மனுவை எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் சாப்பாட்டு இடைவேளையில் கம்ப்யூட்டரில் அடித்துத் தந்தார். அரியாங்குப்பத்துக்காரர். கறுப்புச் சட்டைக்காரர், கோவில், சர்ச், மசூதி மூன்றையும் ஒரே தொலைவில் வைத்திருப்பவர். பத்து வருடமாக என் அறிக்கைகளை அடித்துக் கொடுத்தவர் என்பதால் என் கையெழுத்தை என் மனைவியைவிட நன்றாகப் படிப்பார். முதல் வரியை அடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"சார், இதுபடி பாத்தா நான் ஒழுக்கங்கெட்டவனா?"

"பொதுவாச் சொல்றது. உங்களச் சொல்லல."

"சரி சார், அடிச்சிடறேன். என்னப் பத்தி நானே அடிச்சிக்கறேன்." சிரித்துக்கொண்டே அடித்தார். சாமியார் எழுதிய பத்தியில் இரண்டு பிழைகளைத் திருத்தியும் கொடுத்தார்.

மே மாதக் கடைசியில் ப்ளஸ் டூ முடிவுகள் வந்ததும் எங்கள் அலுவலகத்தில் கூட்டம் தொடங்கும். புதுச்சேரி ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் வேண்டும் என்றால், ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக இங்கே குடியிருந்ததாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. நான் கையால் எழுதுவேன், டைப்பிஸ்ட் அடிப்பார், மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். இங்கே மதிப்பெண் வரம்பு சற்றுக் குறைவு என்பதால் விழுப்புரத்திலும் கடலூரிலும் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்த ஒரு மாதத்தில் மட்டும் பாண்டியில் வீடு முளைக்கும்.

அந்த வருடம் ஜூன் மாதம், ஒரே வாரத்தில் இரண்டு விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. ஒன்று டைப்பிஸ்டின் மகளுடையது. இன்னொன்று கான்ட்ராக்டரின் தங்கை மகளுடையது.

தங்கை குடும்பம் விழுப்புரத்தில் இருக்கிறது. அந்தப் பெண் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். விண்ணப்பத்தில், ஐந்து ஆண்டுகளாக மாமா வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் விழுப்புரம் போய்ப் படித்துவிட்டு வந்ததாக இருந்தது. ஐந்து கிறிஸ்துமஸுக்கும் நான் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். யார் யார் இருந்தார்கள் என்று டைரியில் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் விருந்தாளியாக வந்திருந்தாள், பையுடன்.

கான்ட்ராக்டர் என் வீட்டுக்கே வந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அந்த மிடுக்கில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்காருவார்.

"தம்பி, ரேஷன் கார்டுல பேர் இருக்குது. சாமியும் லெட்டர் குடுத்துட்டாரு, அஞ்சு வருஷமா நம்ம பங்குல ஞாயிறு மறைக்கல்விக்கு வந்துதுன்னு. இன்னும் உனக்கு என்ன தடங்கல்?"

"பொண்ணு இங்க இல்லியேண்ணே."

"உடம்பு இல்ல. மனசு இங்கதான் இருந்துது." கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "நம்ம சனத்துல ஒரு டாக்டர் வந்தா யாருக்கு நல்லது? பொய்யின்னு ஏன் நெனைக்கற? ஆண்டவர் காரியம்னு நெனச்சுக்க."

போகும்போது பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொன்னார், வேலை முடிந்துவிட்டது போல.

டைப்பிஸ்டின் விண்ணப்பத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. அதை அவரே எழுதியிருந்தார். அரியாங்குப்பம் வீட்டை இடித்துக் கட்டியபோது பதினோரு மாதம் மாமியார் வீட்டில் இருந்தார்களாம். அந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டம். எங்கள் பிரதேசத்தின் எல்லை அந்தப் பக்கமெல்லாம் கிழிந்த துணி மாதிரி போகும். ஒரு ஊர் நம்முடையது, அடுத்த ஊர் தமிழ்நாடு. மகள் பள்ளிக்கூடத்தைக்கூட மாற்றவில்லை. ரேஷன் கார்டும் மாறவில்லை.

அவரைத் தனியே கூப்பிட்டேன். "இந்தப் பதினோரு மாசத்த யாரு கேட்டாங்க? வேற ஃபார்ம் எழுதிக் குடுங்க."

அதாவது, முதல் வரியில் 'நிலைக்காது' என்று திருத்தியவன், நம்பிக்கை இல்லாத மனிதனுக்குப் பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நான் விட்டுடலாம்னுதான் சார் பாத்தேன். பொண்ணு பக்கத்துல உக்காந்து ஃபார்ம படிச்சிட்டே வந்தா. 'அப்பா, அந்தப் பதினோரு மாசம்?'னா. அவ கேட்டப்புறம் இல்லன்னு எப்படி சார் எழுதறது? நாளைக்கு அவ பேச்ச நான் கேக்கணும், என் பேச்ச அவ கேக்கணும். இதே இருக்கட்டும்."

அவருடைய ஒழுக்கத்தின் அஸ்திவாரம் அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பதினேழு வயதுப் பெண். ஏழு கூட்டங்களில் எங்களுக்கு அது அகப்படவில்லை.

இரண்டு அறிக்கைகளையும் ஒரே நாளில் எழுதினேன். கான்ட்ராக்டரின் தங்கை மகளுக்கு: 'ஆவணங்களின்படி ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக வசித்ததாகத் தெரிகிறது.' இந்த 'ஆவணங்களின்படி' எங்கள் அலுவலகத்தின் அருமையான சொல். அவள் வசித்தாள் என்று நான் சொல்லவில்லை, காகிதம் சொல்கிறது. கை அழுக்காகாமல் பொய் சொல்ல இதைவிட நல்ல கையுறை கிடையாது.

டைப்பிஸ்டின் மகளுக்கு: 'பதினோரு மாதங்கள் தமிழ்நாட்டு எல்லைக்குள் வசித்துள்ளார்.' அதோடு நிறுத்தினேன். பள்ளி மாறவில்லை, வீடு கட்டுவதற்காகத் தற்காலிகமாகப் போனார்கள், ஆகவே இந்த இடைவெளியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாம். அதுவும் உண்மைதான். அப்படி எழுதினால் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார், முன்பு போட்டிருக்கிறார். கூட வேலை செய்கிறவருக்குச் சலுகை காட்டினேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எழுதவில்லை. பொய்க்கு உதவும்போது வராத பயம் உண்மைக்கு உதவும்போது வந்தது. அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஜூலையில் கவுன்சிலிங் முடிந்தது. தங்கை மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம். டைப்பிஸ்டின் மகளுக்கு அவளைவிட மதிப்பெண் கூடுதல். சான்றிதழ் இல்லாததால் பட்டியலிலேயே பெயர் இல்லை. தமிழ்நாட்டில் கேட்டால் நீ புதுச்சேரிக்காரி என்றார்கள். புதுச்சேரியில் பதினோரு மாதம் தமிழ்நாட்டுக்காரி என்றோம். பி.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள். பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் மனுவை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. முதல் வரியை வாசித்து நிமிர்ந்தேன். எதிரே கான்ட்ராக்டரின் தங்கை மகள் புதுப் பாவாடை தாவணியில் வரிசை வரிசையாக லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆண்டவருக்கு நன்றியாக மாமா ஏற்பாடு செய்த லட்டு. கைதட்டல் பலமாக இருந்தது. என் கையிலும் ஒன்று வைத்தாள். "தேங்ஸ் அங்கிள்," என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கதையில் என்னைப் பார்த்து உண்மையாக நன்றி சொன்னது அவள் ஒருத்திதான்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழுவதையும் வரிசையாகச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க ஆவணத்த வச்சுத்தான எழுதினீங்க?"

"ஆமா சாமி."

"அப்புறம் என்ன? மனசாட்சிய ரொம்ப வதைச்சுக்காதீங்க. அதுகூட ஒரு மாதிரி அகங்காரம்தான்."

"டைப்பிஸ்ட் பொண்ணுக்குக் கெடைக்காமப் போன இடம், சாமி?"

"கவுன்சிலிங் முடிஞ்சிடுச்சே. மூணு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிடுங்க."

அந்த ஆவணங்களில் ஒன்று அவர் எழுதிக் கொடுத்தது. பாவமும் பாவமன்னிப்பும் ஒரே லெட்டர்பேடில் வருகிற வசதி எங்கள் பங்கைத் தவிர எங்கும் இருக்காது. ஒரு டாக்டர் படிப்புக்கு மூன்று மரியே. நான் ஐந்து சொன்னேன், கணக்கில் குறை வரக்கூடாதே என்று.

திங்கட்கிழமை, கான்ட்ராக்டரின் தங்கை மகளைப் பற்றிய என் அறிக்கை தவறு, மறுவிசாரணை வேண்டும் என்று மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு வைத்தேன். நான்கு நாளில் திரும்பி வந்தது: 'ஆவணங்களின்படி சரியாக உள்ளது. மேல்நடவடிக்கை தேவையில்லை.' என் சொல்லையே எடுத்து என் முகத்தில் ஒட்டியிருந்தார். குறை சொல்ல முடியவில்லை. நல்ல கையுறை யாருக்கும் பொருந்தும்.

பிறகுதான் டைப்பிஸ்டிடம் போனேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். "உங்க பொண்ணு அறிக்கையில இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதல. அந்த இன்னொரு அறிக்கையில..."

"தெரியும் சார்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டையும் நான்தான அடிச்சேன்."

அந்த நிமிடம் வரை அது எனக்குத் தோன்றவே இல்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதி வைக்கிறவனுக்கு, தன் பொய்யை யார் டைப் அடிப்பார் என்பது தோன்றவில்லை. இரண்டையும் ஒரே பிற்பகலில், ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் அவர் மகளின் இடம் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா மாத்தி எழுதியிருப்பீங்க. எனக்காக எழுதின மாதிரி ஆயிடும். நீங்களா எழுதணும்னு பாத்தேன்." நாற்காலியைத் திருப்பினார். "இப்ப என்ன சார், மன்னிப்புக் கேக்க வந்தீங்களா? போனது என் சீட்டு இல்ல சார். அதெல்லாம் எம் பொண்ணுகிட்டதான் கேக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில வீட்ல இருப்பா. நீங்கதான் அன்னிக்கு பிஸியாச்சே."

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மற்றவர்கள் பூசைக்குப் போகும் நேரத்தில், ஆற்றுப் பாலம் கடந்து அரியாங்குப்பம் போனேன். புதிதாகக் கட்டிய அந்த வீட்டில் வெளிப்பூச்சு இன்னும் பாக்கி இருந்தது. சுவர்கள் நேராக நின்றன. பெண் கதவைத் திறந்தாள். உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு எதிரே நின்றாள். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களைத் தொடங்குவதற்குள் அவளே கேட்டாள்.

"அந்தப் பதினோரு மாசத்த எழுதாம விட்டிருந்தா கெடச்சிருக்குமா சார்?"

"கெடச்சிருக்கும்."

"அப்ப நான் வாய வச்சதாலதான் போச்சு."

"இல்லம்மா. நீ சொன்னது சரி. அதுக்கப்புறம் எழுத வேண்டியத நான் எழுதல. அதனாலதான் போச்சு."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. "அப்பா, கேட்டியா?" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "நான் இல்லியாம். ரெண்டு மாசமா அம்மா என்னத்தான் திட்டிட்டிருக்குது, வந்து கேக்கச் சொல்லு." அவளுடைய அம்மா வெளியே வந்தார். அவர் முன்னால் நான் அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னேன். ஆவணங்களின்படி என்று எங்கும் சேர்க்கவில்லை.

காபி கொடுக்கவில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போதும் நான் கோவிலுக்குப் போகிறவன்தான். நாத்திகனாகிவிடவில்லை. ஆண்டவர் ஒழுக்கத்துக்கு அஸ்திவாரம் இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. அவர் பெயரை எழுதிய பலகையை நட்டுவிட்டு, கீழே பள்ளம்கூடத் தோண்டாதவர்களுடன் ஏழு வியாழக்கிழமை டீ குடித்தேன் என்றுதான் சொல்கிறேன்.

அரியாங்குப்பம் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை மாலை, கான்ட்ராக்டர் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே கவலைப்பட்ட முகம்.

"என்ன தம்பி, நேத்து பூசையில காணோம்? உடம்புக்கு முடியலியா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குது. அரியாங்குப்பத்துல ஒரு வேலை."

"வேலையா? ஞாயித்துக்கிழமையா?" என் தோளில் கை வைத்தார். "நீயே இப்படிப் பண்ணலாமா? பூசைய விட ஆரம்பிச்சா அப்புறம் மனுசனுக்கு என்ன ஒழுக்கம் நிக்கும்?"

"நிலைக்கும்," என்று திருத்திவிட்டு நடந்தேன்.